உறக்கத்தின் இரு வாயில்கள்

இஷாத் தொழுகை முடிந்து, உண்டு, மறுநாள் பாடத்திற்குரிய கிதாபை ஒருமுறை புரட்டிவிட்டு, விளக்கை அணைத்துப் பாயில் சாய்கின்றோம். நாவில் திக்ரு ஓடிக்கொண்டிருக்கிறது. மெல்ல மெல்லச் சொற்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. எங்கோ ஒரு படிக்கட்டில் இறங்குவது போலத் தோன்றுகிறது. இன்னும் ஒரு படி இருக்கும் என்று எண்ணி வைத்த காலின் கீழே படி இல்லை! அவ்வளவுதான், உடல் முழுவதும் ஒரே உதறலாக உதறித் தூக்கிவாரிப் போடுகிறது. கால் சுவரில் இடிக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. ‘என்னங்க, என்ன செய்யுது?’ என்று துணைவியார் பதறி எழுந்து உட்கார்ந்து விடுகிறார். ‘ஒன்றுமில்லை, படுங்கள்’ என்கிறோம். சற்று நேரத்தில் நாமும் உறங்கிப் போகின்றோம்.

இது நமக்கு மட்டும் உரிய அனுபவமன்று. இதனைப் படிக்கும் நேயர்களில் பலர் இந்நேரம் ‘எனக்கும் உண்டு’ என்று தலையசைத்திருப்பர். நூறு பேரில் 60 முதல் 70 பேர் வாழ்நாளில் எப்போதேனும் இதனைக் கண்டிருப்பர் என்று உறக்கத்தை ஆராய்வோர் கூறுகின்றனர். நாம் சிறுவராயிருந்த காலத்தில், கடற்கரையூரிலிருந்த எங்கள் வீட்டின் உள்திண்ணையில் உம்மும்மாவின் அருகிலேதான் உறங்குவோம். திடுக்கிட்டு விழித்தெழும் போதெல்லாம் அவர் நம் முதுகைத் தடவி, ‘புள்ளை வளருறான், ஒண்ணும் செய்யாது’ என்பார். விழுவதாகத் தோன்றினால் அன்றிரவு ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டோம் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு மெய்யாயிருந்தால் நாம் இன்று மினாரா உயரம் வளர்ந்திருக்க வேண்டும். வளரவில்லை என்பதை நம்மைக் கண்டோர் அறிவர்.

தமிழில் இதற்கு அமைந்த சொல்லைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். ‘தூங்கு’ என்னும் சொல்லுக்குத் தொங்குதல், அசைதல் என்பன பழைய பொருள்கள். தொங்கும் கூடு கட்டுவதால்தான் அந்தப் பறவை தூக்கணாங்குருவி. தொங்குவதற்குரிய சொல்லே பிற்காலத்தில் உறங்குவதற்கும் ஆயிற்று. அதன் பிறவினையே ‘தூக்கு’. ஆகவே, தூங்குகிறவனைத் தூக்கிவாரிப் போடுகிறது என்று சொல்லும்போது, அந்தரத்தில் தொங்கிக் கிடப்பவனை ஏதோவொன்று வாரியெடுத்து எறிகிறது என்னும் காட்சி அச்சொல்லிலேயே அடங்கிக் கிடக்கிறது. அரபியில் ‘கஃபக்க’ என்றொரு வினைச்சொல் உண்டு. கொடி காற்றில் படபடப்பதற்கும், நெஞ்சு துடிப்பதற்கும், உட்கார்ந்தபடி கண்ணயர்பவரின் தலை ஆடி விழுவதற்கும் அந்த ஒரே சொல்தான். இஷாத் தொழுகையை எதிர்நோக்கிக் காத்திருந்த ஸஹாபாக்களின் தலைகள் உறக்கத்தால் சாய்ந்தாடும் என்றும், பின்னர் அவர்கள் புதிதாக உளூச் செய்யாமலேயே தொழுவார்கள் என்றும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸில் வருவது அச்சொல்லே.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். அது 2009-ஆம் ஆண்டு, ரஜபு மாதம். நாம் ஓதிக்கொடுத்து வந்த மத்ரஸாவில் ஃபிக்ஹு பாடம். உளூவை முறிக்கும் காரியங்களில் உறக்கத்தைப் பற்றிய பகுதி நடந்துகொண்டிருந்தது. ஷாபிஈ மத்ஹபின் இமாம்கள் இவ்விடத்தில் காட்டியுள்ள நுணுக்கம் வியக்கத்தக்கது. கண்ணயர்தல் வேறு, உறக்கம் வேறு. அருகிலிருப்போர் பேசுவது காதில் விழுந்து, ஆனால் பொருள் விளங்காதிருந்தால் அது கண்ணயர்வு. அதனால் உளூ முறியாது. கனவு கண்டால் அது உறக்கத்தின் அடையாளம். கண்டது கனவா, வெறும் எண்ண ஓட்டமா என்று ஐயம் வந்தால் முறியாது; ஏனெனில் உறுதியாய் இருந்த ஒன்றை ஐயம் அகற்றாது. இவற்றையெல்லாம் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் ‘அல்மஜ்மூஃ’ என்னும் பெருநூலில் விரித்துரைத்துள்ளார்கள். மேலும், பிட்டத்தைத் தரையில் உறுதியாகப் பதித்து அமர்ந்தபடி உறங்கியவரின் உளூ முறியாது. ஆனால் உறக்கத்தில் அவருடைய ஒரு பக்கம் தரையைவிட்டு எழும்பினால்? விழிப்பதற்கு முன் எழும்பியிருந்தால் முறியும். விழித்த பின்போ, விழிப்போடு சேர்ந்தோ எழும்பியிருந்தாலும், எது முந்தியது என்று ஐயமிருந்தாலும் முறியாது.

இவ்விடத்தில் ஒரு மாணவர் கையுயர்த்தினார். வயது பதினைந்து இருக்கும். மெலிந்த உடல், கூரிய அறிவு. ‘ஹஜ்ரத், உட்கார்ந்து தூங்குறவருக்குத் திடீர்னு தூக்கிவாரிப் போடுதே, அப்ப உடம்பு எழும்புறது முந்தியா, முழிப்பு முந்தியா?’ என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி அது. மறுநாள் விடை சொல்வதாகக் கூறிப் பாடத்தை முடித்தோம்.

அன்று மாலையே மருத்துவம் பயின்ற உறவினர் ஒருவரைக் கண்டு பேசினோம். அவர் கொடுத்த நூலின் பக்கங்களையும் இரவில் இருந்து படித்தோம். பிற்காலத்தில் தேடி அறிந்தவற்றையும் சேர்த்து அதன் சாரத்தை இங்கே தருகின்றோம்.

விழிப்பும் உறக்கமும் ஒரு விளக்கை ஏற்றி அணைப்பது போன்றவை அல்ல. மூளையின் தண்டுப் பகுதியில் வலைபோல் பின்னிக் கிடக்கும் நரம்புத் தொகுதியொன்று நம்மை விழிக்க வைக்கிறது என்பதை 1949-இல் மொருஸ்ஸி, மகூன் என்னும் இருவர் காட்டினர். அதற்கு எதிராக நின்று விழிப்பை அடக்கி உறங்க வைக்கும் சிறு அணுத்திரள் ஒன்று மூளையின் அடிப்பகுதியில் இருப்பதை 1996-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இரண்டும் இரு காவலர்களைப் போல. பகற்காவலர் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போக, இராக்காவலர் ஏற்றுக்கொள்கிறார். அந்த மாற்றம் சில நிமிடங்களில் நடந்து முடிகிறது. அந்நேரத்தில் தசைகள் தளர்கின்றன, மூச்சு நிதானப்படுகிறது, எண்ணங்கள் கனவின் சாயல் கொள்கின்றன. பகற்காவலர் வாயிலைத் தாண்டும் முன் ஏனோ ஒருமுறை திரும்பி ஊதலை ஊதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். மூளைத் தண்டிலிருந்து புறப்படும் அந்தத் திடீர் ஏவல் தசைகளை ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் சுண்டி இழுத்து விடுகிறது. சிலருக்கு அதனோடு விழுவது போன்ற உணர்வும், சிலருக்கு ஒளி மின்னுவது போன்ற தோற்றமும், சிலருக்குக் காதருகே பேரொலியும் உண்டாகும்.

அமெரிக்க மருத்துவர் வியர் மிட்செல் 1890-இலேயே இதனைக் குறித்து எழுதினார். 1959-இல் ஆஸ்வால்ட் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் இது ஒன்றையே பொருளாக எடுத்துக்கொண்டு ‘பிரெயின்’ என்னும் இதழில் நீண்ட கட்டுரை வரைந்தார். எனினும் ஏவல் எதனால் புறப்படுகிறது என்பதில் ஆராய்ச்சியாளர் இன்னும் ஒருமுகப்படவில்லை. தசை தளர்வதை மூளை ‘விழுகிறோம்’ என்று பிழையாக விளங்கிக்கொள்கிறது என்பது ஒரு கருத்து. மரக்கிளையில் உறங்கிய ஆதி முன்னோர் விழுந்துவிடாமலிருக்க அமைந்த எச்சரிக்கையின் எச்சம் என்பது மற்றொரு கருத்து. ஊகத்தை ஊகமாகவே வைப்பது அறிவுடைமை. பேருடல் களைப்பு, உறக்கக் குறைவு, மனக்கவலை, இரவு நேரத்துத் தேநீரும் காப்பியும், இரவில் செய்யும் கடும் உடற்பயிற்சி ஆகியன இதனை மிகுவிக்கும் என்பது மட்டும் ஐயமற்றது. தனியே இதனால் உடலுக்குத் தீங்கு எதுவும் இல்லை. மருந்தும் தேவையில்லை.

மறுநாள் வகுப்பில் இவற்றை விரித்துரைத்தோம். உறக்கத்தின் படிகளைப் பிரிப்பதில் மேல்நாட்டார் 1968-இல் நான்கும் கனவுறக்கமும் என்று வகுத்து, 2007-இல் அந்த நான்கை மூன்றாகக் குறைத்தனர். ஆனால் ஹிஜ்ரி 429-இல் மறைந்த ஸஆலிபீ என்னும் அரபுச் சொல்லறிஞர், கண் சொருகும் ‘நுஆஸ்’ தொடங்கி ஆழ்ந்து கிடக்கும் ‘தஸ்பீக்’ வரை, உறக்கத்தின் படிகளைப் பத்துக்கும் மேற்பட்ட சொற்களால் வரிசைப்படுத்தியிருக்கிறார். அவற்றுள் ‘கரா’ என்பது உறங்குபவனுக்கும் விழித்திருப்பவனுக்கும் இடைப்பட்ட நிலை. ‘நம் கேள்விக்குரிய உதறல் அந்தக் கராவில் நிகழ்வது, உதறலும் விழிப்பும் ஏறத்தாழ ஒருங்கே வருவன, எது முந்தியது என்று அவரால் சொல்ல முடியாது, ஆகவே உளூ முறியாது’ என்று முடித்தோம். பிள்ளைகள் மகிழ்ந்தனர். நாமும் மகிழ்ந்தோம். உள்ளதைச் சொல்வதானால், நம் கல்வியைக் குறித்துச் சிறிது பெருமிதமும் கொண்டோம்.

நான்கு நாள் சென்றிருக்கும். அசர் தொழுகைக்குப் பின் அந்த மாணவர் நம் அறை வாசலில் வந்து நின்றார்.

‘ஹஜ்ரத், எனக்கும் தூக்கிப் போடுது.’

‘எல்லாருக்கும்தானே வாப்பா. வகுப்பில் சொன்னோமே?’

‘இல்ல ஹஜ்ரத், காலையிலே. கை மட்டும். சுபுஹுக்கு எழுந்து வந்து தேத்தண்ணி வாங்குறப்ப டம்ளர் தெறிச்சு விழுந்துடுது. ரெண்டு டம்ளர் உடைஞ்சு போச்சு. சமையல்காரக் காக்கா ஏசுறாரு.’

நாம் அவர் தோளில் தட்டினோம். உறக்கம் முழுவதும் கலையாததால் வருவது அது. வகுப்பில் சொன்ன அதே உதறல்தான். அஞ்ச வேண்டியதில்லை என்றோம். யாரேனும் ஜின் என்றும் கண்ணேறு என்றும் பயமுறுத்தினால் நம்பாதீர் என்றும் அறிவுரை கூறினோம். சமையல்காரரை அழைத்து, கண்ணாடி டம்ளருக்குப் பதிலாக எவர்சில்வர் டம்ளர் கொடுக்கச் சொன்னோம். அந்த ஏற்பாட்டில் நமக்கு எத்துணை நிறைவு இருந்தது என்பதை இப்போது நினைத்தால் நாணமாகிறது. கண்ணாடி டம்ளருக்கு மாற்று கண்டோம். டம்ளர் ஏன் விழுகிறது என்று கேட்கவில்லை.

ஷஃபான் பிறந்தது. அது ஆண்டுத் தேர்வு மாதம். மத்ரஸாக்களின் வழக்கம் நேயர்கள் அறிந்ததே. இஷாவுக்குப் பின் முதாலஆ. பதினொன்றரை, பன்னிரண்டு வரையும் ஓதும் ஒலி கேட்கும். தஹஜ்ஜுதுக்காகச் சிலர் மூன்றரைக்கே எழுவர். மற்றவர் சுபுஹு பாங்குக்கு முன் எழுப்பப்படுவர். அந்த மாணவர் படிப்பில் முதல்வராதலால் இரவில் கடைசியாகப் படுத்து வைகறையில் முதலாவதாக எழுபவர். ஒருநாள் சுபுஹுக்கு முன், ஹவ்ளின் கரையில் உளூவுக்கு அமர்ந்திருந்தவரின் கைகள் இரண்டு மூன்று முறை வெட்டின. பக்கத்திலிருந்தோர் விளையாடுகிறார் என்று நினைத்தனர். அடுத்த கணம் அவர் ஓர் ஓலத்தோடு விறைத்துச் சாய்ந்தார். நெற்றி கல்லில் மோதிக் குருதி வழிந்தது. உடல் முழுவதும் வெட்டி வெட்டி இழுத்தது.

நாம் ஓடிச் சென்றபோது அங்கே ஒரே கூச்சல். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்துக்கொண்டிருந்தார். மற்றொருவர் வாயில் துணியைச் செருக முயன்றார். இன்னொருவர் உரத்த குரலில் ஓதி ஊதினார். மஹல்லாவைச் சேர்ந்த முதியவர் ஒருவர், தொழ வந்தவர், ஒன்றும் பேசாமல் தம் தோளிலிருந்த துண்டை எடுத்து, அவிழ்ந்து கிடந்த கைலியின் மேல் போர்த்திவிட்டார். அங்கிருந்த அனைவரிலும் செய்ய வேண்டியதைச் செய்தவர் அவர் ஒருவரே. ஈரல்லது மூன்று நிமிடங்களில் இழுப்பு நின்றது. அந்த நேரம் எத்துணை நீளமானது என்பதை அருகிருந்து பார்த்தவரே அறிவர்.

நெற்றியில் தையல் போட்ட மருத்துவமனையிலிருந்து நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார்கள். நடுவயதுடைய பெண்மணி. ஊரிலிருந்து மாணவரின் உம்மாவும் மூத்த காக்காவும் வந்து சேர்ந்திருந்தனர், வாப்பா சவூதியில். மருத்துவர் நடந்ததைக் கேட்டறிந்தார். பின்பு மாணவரை நோக்கி, ‘தம்பி, காலையிலே எழுந்திரிச்ச பிறகு கையிலே வெச்சிருக்கிற பொருள் தானா தெறிச்சு விழுமா?’ என்று கேட்டார்.

மாணவர் விடை சொல்லவில்லை. நம்மைப் பார்த்தார்.

குற்றஞ்சாட்டும் பார்வையன்று அது. சொல்லலாமா, ஹஜ்ரத் வேறு மாதிரியல்லவா சொன்னார் என்று தயங்கும் பார்வை. ஆசிரியரின் சொல்லை மறுத்துப் பேசக்கூடாது என்னும் அதபை நாமே ஊட்டியிருந்தோம். ‘ஆம் டாக்டர், விழும். நம்மிடம் முன்பே சொன்னார். நாம்தான் ஒன்றுமில்லை என்றோம்’ என்று அவருக்காக நாம் விடை கூறினோம்.

மருத்துவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. இப்படி வருபவர்களில் பலர் பல மாதங்களாக, சிலர் பல ஆண்டுகளாக, டம்ளரையும் சீப்பையும் பற்குச்சியையும் கீழே போட்டுக்கொண்டு, கவனமற்ற பிள்ளை என்று ஏச்சு வாங்கியவர்கள்தாம் என்றார். மூளையின் மின்னலைகளைப் பதியச் செய்தார். இளம் பருவத்தில் தோன்றும் ஒருவகைக் காக்கை வலிப்பு இது என்று விளக்கினார். பெரும்பாலும் 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையே தொடங்குவது. விழித்தெழுந்த சிறிது நேரத்திற்குள் தோளும் கையும் வெட்டும். அப்போது நினைவு தப்பாது. பிள்ளைக்கு எல்லாம் தெரியும். ஆனால் தடுக்க முடியாது. கவனியாது விட்டால் ஒருநாள் பெரிய இழுப்பு வரும். அதனை வரவழைப்பதில் முதன்மையானது உறக்கக் குறைவு. 1867-இலேயே எர்பின் என்பார் இதனை எழுதி வைத்தார். 1957-இல் ஜெர்மானிய மருத்துவர் யான்ஸ் தம் சகாவோடு சேர்ந்து தெளிவாக வரையறுத்தார். நாம் அன்றுவரை இதன் பெயரையும் கேட்டதில்லை.

‘நீங்க சொன்னதும் தப்பில்லே ஹஜ்ரத்’ என்றார் மருத்துவர். ‘தூங்கப் போறப்ப தூக்கிப் போடுறது எல்லாருக்கும் வரும். இது தூங்கி எழுந்த பிறகு வர்றது.’

உறக்கத்திற்கு உள்ளே செல்லும் வாயில் ஒன்று, வெளியே வரும் வாயில் மற்றொன்று. முதல் வாயிலில் நிகழ்வதை நாம் நன்கு அறிந்திருந்தோம். அறிந்திருந்ததாலேயே இரண்டாம் வாயிலில் நின்று ஒரு பிள்ளை கூப்பிட்டபோது முதல் வாயிலைக் காட்டி அனுப்பிவிட்டோம். ஒன்றும் அறியாதவராயிருந்தால் ஒருவேளை ‘மருத்துவரிடம் காட்டுவோம்’ என்றிருப்போம். ஒரு பக்கம் விழிப்புக்கு முன் எழும்பியதா, பின் எழும்பியதா என்று மயிரிழை பிரிக்கும் ஃபிக்ஹை ஓதிக்கொடுத்தவர் நாம். ‘காலையிலே, கை மட்டும்’ என்று அந்தப் பிள்ளை தாமே பிரித்துச் சொல்லியும் நம் செவியில் அது ஏறவில்லை.

வெளியே வந்ததும் உம்மா அழுதார். ‘ஓதிப் பார்க்கலாமா ஹஜ்ரத்? சொந்தக்காரங்க ஜின்னுங்குறாங்க’ என்றார். ஜின்களின் இருப்பை மறுப்பவர் அல்லர் நாம். அது நம் ஈமானுக்கு உட்பட்டது. ஆயினும் கைக்கு எட்டும் காரணத்தை விட்டுவிட்டு எட்டாத காரணத்தைத் தேடி ஓடுவது மார்க்கமாகாது. ‘நாம் அன்றாடம் ஓதி துஆச் செய்வோம், தாயே. மாத்திரையை ஒருவேளையும் தவறாமல் கொடுங்கள்’ என்றோம். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘வெளியே தெரிஞ்சா நாளைக்கு யார் பொண்ணு கொடுப்பாங்க?’ என்றார். அதற்கு உடனே விடை சொல்ல நம்மால் இயலவில்லை.

இரவு மத்ரஸாவுக்குத் திரும்பிய பின் அந்த முதியவரின் துண்டு நினைவுக்கு வந்தது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அதாஉ (ரஹ்) அவர்களுக்குச் சுட்டிக்காட்டிய கறுப்பினப் பெண்மணியின் செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. வலிப்பினால் விழுவதாகவும், அப்போது ஆடை விலகிவிடுவதாகவும் அப்பெண்மணி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம் என்று அவருக்கு நன்மாராயம் கிடைத்தது. அவர் அதனை ஏற்று, ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ வேண்டினார். அவ்வாறே துஆச் செய்யப்பட்டது. பலமுறை ஓதிக்கொடுத்த ஹதீஸ்தான். நோயைவிட நோயாளியின் மானம் பெரிதென்று அப்பெண்மணி கண்டதை, அன்று ஹவ்ளின் கரையிலேதான் நாம் கண்ணால் கண்டோம். மறுநாள் வகுப்பில் அந்த ஹதீஸை மீண்டும் ஓதினோம். நோயுற்றோரை நபித்தோழர்கள் சுவர்க்கவாசி என்று சுட்டிக்காட்டினார்கள். நாம் என்னவென்று சுட்டப் போகிறோம் என்று மட்டும் கேட்டோம். அம்மாணவர் திரும்பி வந்தபோது அவரை யாரும் ஒதுக்கவில்லை. சமையல்காரர் முதல்நாளே தேத்தண்ணீரைத் தாமே அவரிடத்திற்குக் கொண்டுபோய் வைத்தார்.

மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னவை சில. இரவில் ஏழு மணி நேரமேனும் உறக்கம் வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தலாகாது. தனியே குளத்திலோ கடலிலோ குளிக்கலாகாது. இழுப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அணை கொடுத்து, வாயில் எதனையும் திணிக்காமல் அருகிருக்க வேண்டும். இரும்பும் வேண்டாம், சாவியும் வேண்டாம். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இவற்றுள் மிகவும் கடினமாயிருந்தது முதலாவதுதான். இரவு பத்து மணிக்கு விளக்கணைக்க வேண்டும், லுஹருக்கு முன் கைலூலா உறக்கத்திற்கு இடந்தர வேண்டும், இது ஒருவருக்கு மட்டுமன்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று நிர்வாகத்தாரிடம் எழுதிக் கொடுத்தோம். ‘நாங்கள் ஓதிய காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் விடிய விடிய ஓதினோம்’ என்றார் ஒரு பெரியவர். அவரோடு ஓதியவர்களில் எத்தனை பேர் டம்ளரைக் கீழே போட்டார்கள் என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டோம். மூன்று கூட்டங்களுக்குப் பின் பத்தரை என்று முடிவாயிற்று. அரைமணி நேரத்தை நாம் விட்டுக்கொடுத்தோம்.

பச்சிளங் குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாய்மார்கள் இதனைக் கவனிக்க வேண்டும். பிறந்து சில வாரங்களேயான குழந்தை உறங்கும்போது மட்டும் கைகால் துடிப்பதும், விழித்ததும் அது நின்றுபோவதும் பெரும்பாலும் கவலைக்குரியதன்று; ஐயமிருந்தால் மருத்துவரைக் கேட்டு மனம் தெளியலாம். ஆனால் முதல் ஆண்டுக்குள், குறிப்பாகத் தூங்கி எழுந்தவுடன், குழந்தை தலை குனிந்து கைகளை விரித்து வணங்குவது போல மடங்கி மடங்கி, அதுவே வரிசையாகப் பலமுறை வந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 1841-இல் வெஸ்ட் என்னும் ஆங்கில மருத்துவர் ‘லான்செட்’ இதழுக்கு இதனைப் பற்றி எழுதினார். அவர் எழுதியது தம் சொந்த மகனைப் பற்றி. பிற மருத்துவர்கள் யாரேனும் வழி காட்ட மாட்டார்களா என்று ஏங்கி எழுதிய தந்தையின் மடல் அது. அந்த நோய் இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. இன்று அதற்கு மருந்துண்டு. விரைந்து தொடங்குவதே முக்கியம். குழந்தை விழித்தெழும் நேரத்தில் அப்படி மடங்குவதைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினால் மருத்துவருக்குப் பேருதவியாயிருக்கும்.

அந்த மாணவர் ஓதி முடித்து ஸனது பெற்று, இன்று தென்கோடியிலுள்ள ஓர் ஊரில் இமாமாகப் பணிபுரிகிறார். மாத்திரையை விடவில்லை. ரமலானில் தராவீஹுக்கும் ஸஹருக்கும் இடையே உறக்கம் குறையாதிருக்க ஜமாஅத்தார் அவருக்கு வேறொரு ஹாபிழைத் துணையாக வைத்துத் தருகின்றனர். நிக்காஹ் பேசிய காலத்தில் நோயை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவதென்று அவரே முடிவு செய்தார். இரண்டு இடங்கள் விலகின, மூன்றாமிடம் முடிந்தது. அவருடைய உம்மா அன்று கேட்ட கேள்விக்கு விடை நாம் சொல்லவில்லை, மகனே சொன்னார்.

சென்ற மாதம் ஒருநாள் இஷாவுக்குப் பின் தொலைபேசியில் அழைத்தார். குரலில் சிறு பதற்றம்.

‘ஹஜ்ரத், நேத்து ராத்திரி தூக்கிவாரிப் போட்டுச்சு. விழுற மாதிரி இருந்துச்சு.’

‘எப்போது? உறங்கப் போகும்போதா, எழுந்த பின்பா?’

‘கண்ணு சொருகுற நேரம். முழு உடம்பும். ஒரே ஒரு தடவைதான்.’

‘காலையில் கையில் ஏதேனும் தெறித்ததா?’

‘இல்ல ஹஜ்ரத். காலையிலே ஒண்ணுமில்லே.’

நம் நாவின் நுனிவரை ஒரு விடை வந்துவிட்டது. அதனை நிறுத்திக்கொண்டு, அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது இதனையும் சொல்லுங்கள் என்றோம். ‘சரி ஹஜ்ரத்’ என்றார். மணி பத்தரை ஆகிவிட்டதை நினைவூட்டினோம். ஸலாம் கூறி வைத்துவிட்டார்.